தட்டு ஒலிக்காத மதியம்

மதியம் ஆனதும் புதுக்காயலில் காற்றுச்சுழலிகளைத் தவிர எல்லா இயந்திரங்களும் வாயை மூடிக்கொள்ளும். நிலாவின் தரைக்கு அடியில் குடைந்த ஊர் அது. அந்த நேரத்தில் ஊரே தட்டைத் தூக்கிக்கொண்டு பொதுக்கூடத்துக்கு ஓடும். காளான் குழம்புக்காக அல்ல. அந்தக் குழம்பைப் புகழ யாருக்கும் மனசு வராது. சாப்பாட்டோடு நடக்கும் ஊர்க்கதைப் பேச்சுக்காகத்தான் அத்தனை ஓட்டமும்.

முதல் தொட்டிலை யார் செய்தார்கள், முதல் கல்யாணத்தில் யார் கோபித்துக்கொண்டு போனார்கள், எல்லாம் அங்கே பேசப்படும். பூமியிடமிருந்து விடுதலை கேட்டுப் போர் தொடங்கிய அன்றே, நிலா ஊர்களின் பதிவுகள் இருந்த நினைவுக்களஞ்சியத்தைப் பூமி பூட்டிவிட்டது. "கூலி வேலைக்குப் போனவர்கள் நீங்கள். வரலாறே இல்லாதவர்களுக்குத் தனி நாடு எதற்கு?" என்றும் கேட்டது. புதுக்காயலுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வாயாலேயே சொல்கிறோம், காது இருந்தால் கேளுங்கள் என்று கூடத்தில் அலைபரப்பியைத் திறந்து வைத்தது. பூமியின் சனங்கள் படத்தோடு பார்த்தார்கள். பூமிப்படையும் பார்த்தது.

பேச்சுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. பேசுகிறவர் தப்பாகச் சொன்னால், விஷயம் தெரிந்தவர் கரண்டியால் தட்டைத் தட்ட வேண்டும். உடனே பேச்சு நிற்கும். தட்டியவர் எழுந்து சரியானதைச் சொல்வார். மாமியார் பேச மருமகள் தட்டிய நாளும் உண்டு. ஏட்டில் எதுவும் மிஞ்சாத ஊருக்கு அந்தச் சத்தம்தான் சாட்சி. தட்டு ஒலிக்கவில்லை என்றால் சொன்னது சத்தியம்.

அன்று பேச வேண்டியவள் காற்றுக்குழாய் பார்க்கும் ஜெசிந்தா. பூமிப்படை வெளியே இறங்கி, உள்ளே வர வழி தேடிக்கொண்டிருந்தது. முன்வாசலை உடைத்தால் காற்று போய் ஊரே செத்துவிடும். வேறு வழி கிடைக்காவிட்டால் அதையும் செய்வார்கள். ஊர்க்காவல் தலைவர் இசக்கிராஜ் அவளைத் தனியே கூப்பிட்டு ஒரு பொய்யைச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

"யார்ட்டயும் மூச்சு விடாத தங்கச்சி. உங்கம்மாட்டகூட. நம்ம ஆளுவளுக்கு நடிக்க வராது."

"யாராவது தட்டிட்டா?"

"தட்டிட்டா சோலி முடிஞ்சிது."

கூடம் நிரம்பியது. முன்வரிசையில் அவள் அம்மா ரோசம்மாள். பக்கத்தில், வடக்குச் சுரங்கம் சரிந்தபோது ஜெசிந்தாவின் அப்பா தொபியாஸ் வெளியே தள்ளிக் காப்பாற்றிய ஆட்கள். கடைசி ஆளைத் தள்ளிவிட்டு அவர் மட்டும் மண்ணுக்குள் போனார். சுரங்கம் நடுவில் அன்றோடு அடைபட்டது; வெளியே திறக்கும் வடக்கு வாசல் மட்டும் மிஞ்சியது. இது ஊருக்கே தெரியும்.

ஜெசிந்தா எழுந்தாள்.

"எங்கப்பா சுரங்கத்துல சாகல. கூட இருந்தவங்கள விட்டுட்டு வடக்கு வாசல் வழியா ஓடிட்டாரு. பூமிக் கம்பெனி கப்பல்ல ஏறிப் போயிட்டாரு. வெக்கத்துல ஊரே மறைச்சுட்டோம். அந்தச் சுரங்கம் அடைபடவே இல்ல. இன்னைக்கும் இந்தக் கூடத்துக்குப் பின்னால வந்து சேரும்."

முன்வரிசைக் கைகள் கரண்டிகளைப் பற்றின. ரோசம்மாளின் கரண்டி மேலே எழுந்தது. ஜெசிந்தாவால் ஜாடைகூடக் காட்ட முடியாது, படம் போய்க்கொண்டிருந்தது. அம்மாவைப் பார்த்தபடியே நின்றாள். ரோசம்மாளும் மகளைப் பார்த்தாள். இந்தப் பெண் அப்பன் பெயரைச் சும்மா மண்ணில் போடமாட்டாள் என்பது பெற்றவளுக்குத் தெரியாதா?

கரண்டி இறங்கியது. சோற்றை அள்ளி வாயில் போட்டு மென்றாள் ரோசம்மாள்.

அவளே விழுங்குகிறாள் என்றதும் மற்றவர்களுக்கும் ஏதோ புரிந்துவிட்டது. ஒவ்வொருவராகக் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு தட்டும் ஒலிக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் பூமிப்படை வடக்கு வாசல் வழியே சாரை சாரையாகச் சுரங்கத்துக்குள் நுழைந்தது. கடைசி ஆள் நுழைந்ததும் இசக்கிராஜ் வெளிக்கதவை மூடினார். முன்னால் மண், பின்னால் இரும்பு. படையினர் ஆயுதங்களைக் கீழே போட்டுவிட்டுச் சரணடைந்தார்கள். ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை! ஊர் கத்திய கத்தலில் காற்றுச்சுழலியின் இரைச்சலே அமுங்கிப் போனது. பேச்சுவார்த்தைக்கு வருகிறோம் என்று பூமியிலிருந்து செய்தி வந்தபோது, ஜெசிந்தாவைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

மறுநாள் மதியம், பிடிபட்ட பூமிப்படை அதிகாரிக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். அவர் குழம்பைக் கிளறியபடி ஜெசிந்தாவிடம் மெதுவாகச் சொன்னார்: "தட்டுச் சத்தம் வரவில்லையே, அம்மா. அதனால்தான் நம்பினோம்."

அவளுக்குச் சுருக்கென்றது. இசக்கிராஜ் அவள் காதருகே வந்தார்.

"அதை இப்பத் திருத்திராத தங்கச்சி. நமக்கும் வரலாறு உண்டுன்னு நாளைக்குப் பேச்சுவார்த்தையில நாம வைக்கப் போற சாட்சியே இந்த ஊர்க்கதைதான். ஒண்ணு பொய்யின்னு நம்ம வாயாலயே ஒத்துக்கிட்டா அம்புட்டும் பொய்யின்னு பூமிக்காரன் சொல்லிருவான்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள். அலைபரப்பி திறந்தது.

டணார்!

ரோசம்மாள்தான். இன்னும் யாரும் பேசவே தொடங்கவில்லை.

"நேத்துச் சொன்னது தப்பு" என்றாள் எழுந்து நின்று. "தெரிஞ்சும் நான் தட்டல. அதையும் ஊர்க்கதையில சேத்துக்கிடுங்க. ஏட்டி ஜெசி, ஒரு நாள் உனக்குக் குடுத்தேன். அவ்வளவுதான். எங்க வீட்டு ஆளைத் திருப்பித் தா."

முன்வரிசையில் இன்னொரு தட்டு ஒலித்தது. பிறகு இன்னொன்று. கூடம் முழுக்கத் தட்டுகள் அதிர்ந்தன. இசக்கிராஜ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அடக்கி வைத்திருந்த அழுகை ஜெசிந்தாவுக்குப் பீறிட்டது. அதோடு அப்படி ஒரு சந்தோஷமும்.

"எங்கப்பா ஓடல" என்று தொடங்கினாள். எத்தனை பேரைத் தள்ளிவிட்டார், கடைசியாக என்ன கத்தினார், எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்துக் காத்திருந்தாள்.

ஒரு தட்டும் ஒலிக்கவில்லை.

நேற்றும் இதே அமைதிதான். அதிகாரி கரண்டியைப் பிடித்தபடி, இதை நம்புவதா என்று தெரியாமல் ஜெசிந்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பூமியில் எத்தனை பேர் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்களோ.