ரொபின் ஹூட் வந்துபோன நாட்கள்

சனிக்கிழமை மத்தியானம் வசந்தமலரின் வீட்டு மணி அடித்தபோது ஓடிப்போய்க் கதவைத் திறந்தவர் இராஜேந்திரன். அது அவருடைய வீடல்ல, மனைவியின் தமக்கை வீடு. அவர் மினிகாப் என்னும் வாடகைக் கார் ஓடுகிறவர். திங்கட்கிழமை கொட்டிய பனியில் லண்டனே படுத்துவிட, அவருடைய ஓட்டமும் படுத்துவிட்டது. யாராவது ஒரு சிக்கலோடு மச்சாளைத் தேடி வரமாட்டார்களா என்று நாலு நாளாக அங்கேயே காத்துக் கிடந்தார். மனுசனுக்கு அப்படியொரு ஆசை.

வந்தவள் எமில்டா. குருநகர்ப் பிள்ளை, முப்பத்தெட்டு வயது, லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரை வீட்டுக்குப் போய்ப் பராமரிப்பவள். கொடுத்த தேத்தண்ணி ஆறிப்போகும்வரை அதைத் தொடாமலே கதையைச் சொன்னாள். வசந்தமலர் குறுக்கே பேசாமல் கேட்டார். நீதிமன்றங்களில் தமிழருக்காக மொழிபெயர்க்கிறவர் அவர். பேச விட்டுக் கேட்பது அவருடைய தொழில்.

கிழவரின் பெயர் ஹரோல்ட் ஆஷ்வர்த். எண்பத்தாறு வயது. வடக்கே ரோச்டேலில் பிறந்து, நாற்பது வருடத்துக்கு முன் மனைவி ஈடியோடு லண்டனுக்கு வந்தவர். ஈடி இறந்து நாலு வருடம். நேற்றுக் காலை எமில்டா போனபோது கிழவர் காய்ச்சலில் விழுந்து கிடந்தார். இப்போது ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாயோடு இருக்கிறார், பேச முடியாது. செய்தி கேட்டு ஓடி வந்த அவருடைய தம்பி மகன் கெய்த், பெரியம்மா ஈடியின் ரோமக் கோட்டு அலுமாரியில் இல்லை என்பதைக் கண்டுபிடித்தார். பிறகு குசினிச் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார். அதில் கிழவர் தன் கையால் எழுதிய மூன்று குறிப்புகள் இருந்தன. எமில்டா அவற்றைத் துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

ஜனவரி பன்னிரண்டில், 'ரொபின் ஹூட் உள்ளே வந்துவிட்டான். எமில்டாதான் விட்டாள்.' பெப்ரவரி நாலில், 'திரும்பவும் ரொபின் ஹூட். இரா முழுக்க முனகல். நித்திரை இல்லை.' மறுநாள், 'ஈடியின் கோட்டை ரொபின் ஹூட்டுக்குக் கொடுத்தேன். இனி வரமாட்டான்.'

"ரொபின் ஹூட் பழைய கதையில வாற கள்ளன்தானே," என்றார் இராஜேந்திரன்.

எமில்டா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய தம்பியின் பெயரும் ரொபின். பின்னேரத்தில் அவளைக் கூட்டிப்போக வருகிறவன், குளிருக்குத் தலையை மூடும் தொப்பி வைத்த ஜாக்கெட்டோடு கேற்றடியில் நிற்பான். ரொபின் என்ற பெயர், தலையில் இங்கிலிஷ்காரர் 'ஹூட்' என்று சொல்லும் தொப்பி. கெய்த்துக்கு வேறென்ன வேண்டும்? அதோடு அவர் கேட்ட கேள்விக்கு அவளே வாயால் ஒப்புக்கொண்டும் விட்டாளாம். எப்படி ஒப்புக்கொண்டாள் என்பது அவளுக்கே விளங்கவில்லை. திங்கட்கிழமை பொலிசுக்குப் போவேன் என்று கெய்த் சொல்லிவிட்டார்.

"எனக்கு வேலை போனால் போகட்டும் அக்கா. அவன்ர அசைலம் கேஸ் இன்னும் முடியேல்லை. களவெண்டு பொலிஸில பேர் விழுந்தால் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள். அங்க இப்ப நடக்கிறது உங்களுக்குத் தெரியும்தானே."

தெரியாமல் என்ன? வன்னியில் ஷெல் விழாத நாளில்லாத மாதம் அது. தம்பியிடம் இதைச் சொன்னாளா என்று வசந்தமலர் கேட்டார். சொல்லவில்லை, சொன்னால் பயத்தில் எங்கேயாவது ஓடிப்போய்விடுவான் என்றாள் எமில்டா.

"கெய்த் கேட்டதைக் கேட்ட மாதிரியே சொல்லு."

"'அவனை நீ ஒருநாளும் உள்ளே விடவில்லையா' எண்டு கேட்டார். நான் 'யெஸ்' எண்டனான்."

வசந்தமலர் முதல்முறையாகச் சிரித்தார். "அது எங்கட ஓம். 'ஓம், விடேல்லை' எண்ட ஓம். இங்கிலிஷ்காரன்ர காதில அது 'ஓம், விட்டனான்' எண்டுதான் விழும். கோர்ட்டில இந்த ஒரு சொல்லால எத்தினை பேர் மாட்டுப்பட்டிருக்கினம் தெரியுமோ? வெளிக்கிடுங்கோ, போவம்."

காரில் இராஜேந்திரன் இரண்டு தீர்ப்புகள் எழுதினார். ஒன்றில் கள்ளன் கெய்த். மற்றதில் கள்ளன் தபால்காரன், ஏனென்று கேட்கக்கூடாது. மச்சாள் இரண்டுக்கும் தலையாட்டிக்கொண்டு, உருகிக் கறுத்துப்போன தெருவோரத்துப் பனியைப் பார்த்தபடி இருந்தார்.

கதவைத் திறந்த கெய்த் ஐம்பது வயது மனுசர். கண்கள் சிவந்து, இரண்டு நாள் தாடியோடு நின்றார். கெட்டவரில்லை. தூக்கமில்லாமல் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறவர் என்பது பார்த்த உடனே தெரிந்தது. வசந்தமலர் அந்த 'யெஸ்' கதையைச் சொல்ல, அவர் பொறுமையாகக் கேட்டார். ஆனால் கலண்டரில் இருப்பது பெரியப்பாவின் கையெழுத்து, அதற்கு யார் மொழிபெயர்ப்புச் சொல்வது என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

வசந்தமலர் கலண்டர் முன்னால் கால் மணித்தியாலம் நின்றார். அதற்குள் இராஜேந்திரன் குசினி அலுமாரி எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிட்டு, ஒரு சாடியை எடுத்து மணந்தும் பார்த்தார்.

"மற்ற நாட்களில் எழுதியிருப்பதைக் கொஞ்சம் வாசியுங்கள்," என்றார் வசந்தமலர், கெய்த்திடம்.

கெய்த் சலிப்போடு வாசித்தார். மழை. வெண் உறைபனி. வெயில், காற்றில்லை. மேகமூட்டம். பனி எட்டு அங்குலம்.

"எண்பத்தாறு வயதில் ஒருநாள் விடாமல் வானிலையை எழுதுகிறார். சளி பிடித்த நாளும் எழுதியிருக்கிறார். மூன்றே மூன்று நாள் வானிலை இல்லை. அந்த மூன்று நாளும் ரொபின் ஹூட் இருக்கிறான். மறந்துவிட்டாரென்று நினைக்கிறீர்களா? இல்லை. அவர் எழுதியிருக்கிறார். நாங்கள்தான் அதை ஆளின் பெயரென்று வாசித்தோம்."

வசந்தமலர் விரலால் பெட்டிகளைத் தொட்டுக் காட்டினார். பன்னிரண்டாம் திகதிக்கு முன்னால் எல்லாம் உறைபனி, அன்றைக்கு உருகத் தொடங்கியது. இந்தத் திங்கள் பனி கொட்டியது, நாலாம் திகதி புதன் உருகத் தொடங்கியது.

"பனி உருகும் நாளில் அடிக்கிற ஈரக் காற்றுக்கு உங்கள் பெரியப்பாவின் ஊரில் ஏதாவது பெயர் உண்டா?"

கெய்த் கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எங்கோ தூரத்திலிருந்து பேசுகிறவர்போல மெதுவாகச் சொன்னார். "அப்பா சொல்வார். காட்டில் கிடந்த ரொபின் ஹூட் எந்தக் குளிரையும் தாங்கினானாம், பனி உருகும்போது வீசுகிற காற்றை மட்டும் அவனால் தாங்க முடியவில்லையாம். அங்கே பழைய ஆட்கள் அந்தக் காற்றையே ரொபின் ஹூட் என்பார்கள். அப்பா போய் இருபது வருடம். நான் லண்டனில் பிறந்தவன். அந்தப் பேச்சு எனக்கு அடியோடு மறந்துவிட்டது."

எமில்டாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பன்னிரண்டாம் திகதி பால் பொங்கி அடுப்பில் வழிந்து கருகியிருந்தது. மணம் போக யன்னலைத் திறந்துவிட்டாள். கிழவர் பின்னேரம் வரைக்கும் அவளை ஏசித் தீர்த்தாராம்.

"அப்ப கோட்டு எங்க மச்சாள்?" என்றார் இராஜேந்திரன்.

"காத்து எங்க நிண்டு முனகும்?"

அந்தக் கேள்விக்கு எல்லோருடைய கால்களும் ஒன்றாகப் பதில் சொன்னது போல, நாலு பேரும் மேல்மாடிக்கு ஏறினார்கள். கிழவரின் படுக்கையறையில், கட்டில் தலைமாட்டுக்குப் பக்கத்தில், கனகாலமாக நெருப்பு மூட்டாத, குளிர்காயும் சுவரடுப்பு இருந்தது. இராஜேந்திரன் சட்டைக் கையை மடித்து, புகைபோக்கிக்குள் தோள்வரை கையை விட்டார். கரி கொட்டியது. பிறகு ஒரு பெரிய உருட்டு இறங்கி வந்தது. ஈடியின் ரோமக் கோட்டுத்தான். கிழவர் அதை இறுகச் சுருட்டி, தன் கழுத்துப் பட்டியால் இரண்டு இடத்தில் கட்டியிருந்தார். வீட்டிலேயே தடிப்பான துணி அதுதான். அதைத்தான் கொடுத்துக் காற்றை அடைத்திருக்கிறார்.

எமில்டா அழுதேவிட்டாள். ஒரு சொல் சொல்லியிருந்தால் தலையணையை வைத்து அடைத்திருப்பேனே, காய்ச்சலோடு இதைச் செய்திருக்கிறாரே என்றாள். கெய்த் கரி படிந்த கோட்டை மடியில் வைத்துக்கொண்டு நிலத்திலேயே இருந்துவிட்டார். அவருக்கும் கண் கலங்கியது. பொலிசில் கொடுக்க எழுதி வைத்திருந்த கடதாசியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கிழித்தார்.

படியிறங்கும்போது இராஜேந்திரன் விடவில்லை. ஒரு கள்ளன்ர பேரைக் கண்டிட்டு, அது காத்தெண்டு நினைக்க மச்சாளுக்கு எப்படித் தோன்றியது என்று குடைந்தார்.

"பிள்ளைக்குக் கொப்பளம் போட்டால் நாங்கள் என்ன சொல்லுவம்? 'அம்மாள் வந்திட்டா' எண்டுதானே? அதை ஒரு இங்கிலிஷ்காரன் எழுத்துக்கெழுத்து வாசிச்சால், எந்தப் பொம்பிளையைத் தேடிப் பிடிப்பான்?"

இராஜேந்திரன் கரிக்கையாலேயே தாடையைத் தடவி யோசித்தார். முகமெல்லாம் கரியானது. யாரும் அவருக்கு அதைச் சொல்லவில்லை.

வெளிக்கதவைத் திறந்தபோது கேற்றடியில் ரொபின் நின்றான். இருபத்துநாலு வயது, மெலிந்த பெடியன். அக்காவைக் கூட்டிப்போக வந்தவன். இத்தனை பேரைக் கண்டதும் ஒரு அடி பின்னால் வைத்தான்.

கெய்த் எல்லோரையும் தாண்டிப் போய் அவன் கையைப் பிடித்தார். தன்னை மன்னிக்கச் சொன்னார். அவனைப் பாராமலே, அவனோடு ஒரு சொல் பேசாமலே, பெயரையும் உடுப்பையும் வைத்துக் கள்ளனென்று முடிவு கட்டியதற்கு வெட்கப்படுகிறேன் என்றார். நாளைமறுநாள் அவனைப் பொலிசில் பிடித்துக் கொடுக்க இருந்ததையும் சொன்னார். ரொபினுக்கு இங்கிலிஷ் அவ்வளவு ஓடாது. பொலிஸ் என்ற சொல் மட்டும் விழுந்திருக்க வேண்டும். முகம் வெளுத்துப்போய் அக்காவைப் பார்த்தான்.

"என்னக்கா சொல்றார்?"

எமில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஐயாவுக்கு வருத்தம் வந்த நேரம் நாங்கள் உதவியாய் இருந்ததுக்கு நன்றி சொல்றார். வெளியில குளிராம். உன்னை உள்ளுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கட்டாம்."

இராஜேந்திரன் திருத்துவதற்கு வாயைத் திறந்தார். வசந்தமலர் அவருடைய கையை அழுத்திப் பிடித்தார். ரொபின் கெய்த்தைப் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்தான், படியில் ஏறினான், குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினான்.