பொங்கலோடு வந்த கிண்ணம்

சமையலறை நாற்காலியில் யூலியா செத்துக் கிடந்தாள்.

எண்பத்தொரு வயது. மடியில் ஒரு தலையணை... யாரோ முகத்தில் அமுக்கிய தலையணை!

பொலிஸ் வந்து கால் மணி நேரம்தான். வழக்கம்போல வீட்டு வேலைக்கு வந்த ஜெயமலர் வாசலிலேயே உறைந்து நின்றாள். கையில் கிண்ணம். கிண்ணம் நிறையச் சர்க்கரைப் பொங்கல்.

"இவள்தான்." யூலியாவின் மகன் சில்வெஸ்டர் ஜேர்மன் மொழியில் கத்தினான். "விடிய வந்து அம்மாவைக் கொன்றுபோட்டுக் கிண்ணத்தை எடுத்தவள். நேற்றுப் பின்னேரம்கூட அது மேசையில இருந்தது."

அமெரிக்காவின் பியூப்லோ பழங்குடி மக்கள் நூறு வருடங்களுக்கு முன் வனைந்து, கையால் கறுப்புப் பறவைகள் தீட்டிய மண் கிண்ணம். சாப்பிடுவதற்குத்தானே இதைச் செய்தார்கள் என்று யூலியா தினமும் அதில்தான் சூப் குடிப்பாள். மகனுக்கோ அதை ஏலத்தில் விற்க அவசரம்.

எசன் நகரத்துப் பொலிஸ் கொமிஸார் அனுஜன் தமிழில் கேட்டான்.

"அக்கா, கிண்ணம் எப்பிடி உங்களிட்ட?"

"ஞாயிற்றுக்கிழமை கேக் வைச்சுத் தந்தவ, தம்பி. திருப்பித் தரவேண்டாம் எண்டும் சொன்னவ. எல்லாரும் மரியாதைக்குச் சொல்லுறதுதானே..."

"இண்டைக்குப் புதன். நேற்றும் வேலைக்கு வந்தனீங்கள்தானே?"

"ஓம். வெறுங்கிண்ணத்தை எப்பிடிக் குடுக்கிறது? பொங்க நேரம் கிடைக்கேல்லை."

கைபேசியை நீட்டினாள். தங்கைக்கு ஞாயிறு அனுப்பிய படம். ஜெயமலர் வீட்டு மேசையில் அதே கிண்ணம், கேக்குடன்!

அனுஜன் சில்வெஸ்டரிடம் திரும்பினான்.

"ஞாயிறே இவவின்ர வீட்டுக்குப் போன கிண்ணத்தை நேற்று எப்பிடிக் கண்டனீங்கள்? அம்மாவின்ர நகத்தில இரத்தம் இருக்கு. சட்டைக் கையை மடியுங்கோ."

மணிக்கட்டில் புது நகக்கீறல்கள்...

சில்வெஸ்டர் தரையில் குந்திவிட்டான்.

"கிண்ணத்தை எங்க ஒளிச்சனி எண்டு அம்மாவைக் கேட்டன். கடைசிவரைக்கும் சொல்லேல்லை. கோவத்தில..."

ஜெயமலருக்கு அப்போதுதான் விளங்கியது. யூலியா மரியாதைக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே அவளுக்குத்தான் கொடுத்திருக்கிறாள்.

"நேற்று வெறுமையாக் கொண்டு வந்திருந்தா அந்த மனுசி உயிரோட இருந்திருக்கும், தம்பி."

வாய்விட்டு அழுதாள்.

அனுஜன் சாட்சிப் பொருள் போடும் பையை விரித்தான்.

"பொங்கலை வேற சட்டியில போடுங்கோ, அக்கா. கிண்ணம் பொலிசுக்கு வேணும்."

"திருப்பித் தருவீங்களோ?"

"ஓம். ஆனா கொஞ்ச நாள் சுணங்கும். நானும் யாழ்ப்பாணத்தார் பெத்த பிள்ளை, வெறுங்கிண்ணமாத் தர ஏலாது. இனித்தான் பொங்கப் பழக வேணும்!"