காணாமல் போன அலையாத்திச் சம்பா

யூனுஸ் டாக்சி ஓட்டுவது வயிற்றுக்காக, துப்பறிவது மனசுக்காக. நாகூரிலிருந்து பிழைக்க வந்த தஞ்சாவூரிலேயே ஓய்வு பெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் ஆனந்தவல்லியும் குடியிருந்தது அவனுக்குப் பெரிய கொடுப்பினை. அக்கா எங்கே கிளம்பினாலும் வண்டி அவனுடையதுதான். வாடகையைக் கறாராக வாங்கிக்கொள்வான். ஆலோசனையைக் கேட்காமலே இலவசமாகக் கொடுப்பான்.

அந்தத் தை மாதக் காலையில் அவன் ஆனந்தவல்லி வீட்டு வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். ஸ்டாண்ட் போடாமலே அதைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"மேடம், என் நெல்லை யாரோ அறுத்துட்டாங்க."

ஆனந்தவல்லி முதலில் அவளை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். பிறகுதான் கேட்டார். அவள் பெயர் சுடர்விழி. ஊருக்குக் கிழக்கே உள்ள அரசு நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் விஞ்ஞானி. சொந்த ஊர் முத்துப்பேட்டைப் பக்கம். புயலில் கடல்நீர் ஏறியதிலிருந்து அங்கே போட்ட பயிரெல்லாம் கருகிப்போகிறது. அந்த உப்பைத் தாங்கக்கூடியது அலையாத்திச் சம்பா என்ற பழைய ரகம். விதை வங்கியின் குளிர் அறையில் கிடந்த கடைசிப் பொட்டலத்தில் ஏதோ சில மணிகள்தான் முளைத்தன. அவற்றைப் பிள்ளை வளர்ப்பதுபோல் வளர்த்திருந்தாள்.

"நாளைக்குக் கூட்டம் மேடம். விதை வங்கி, வேளாண் கல்லூரி, மத்த பண்ணைங்க எல்லாரும் வர்றாங்க. ஆளுக்குக் கொஞ்சம் பிரிச்சுக் கொடுக்கணும். இன்னிக்கு அறுக்கலாம்னு போனா வெறும் தாள்தான் நிக்குது. இது போச்சுன்னா அந்த ரகமே போச்சு. வேற எங்கேயும் இல்ல."

"எங்க நட்டிருக்கீங்கன்னு யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது. சாதாரண நெல் வயலோட ஒரு மூலையில ஒளிச்சு நட்டேன். பலகைகூட வைக்கல." அவள் குரல் தாழ்ந்தது. "குணசேகரன்னு ஒரு விதை வியாபாரி இந்த ரகத்தைக் கேட்டு நடையா நடந்தாரு. எங்க ஆராய்ச்சி மாணவன் பிரபுவும் கேட்டான். ரெண்டு பேருக்கும் இல்லன்னுட்டேன். பிரபு அதுலேருந்து முகம் கொடுத்துப் பேசுறதில்ல."

"குணசேகரன்தான்!" என்றான் யூனுஸ். அந்த மனிதரை அவன் பார்த்ததுகூட இல்லை.

பண்ணையில் ஆள் நடமாட்டமே இல்லை. வாசலில் காவலர் அரசப்பன் மட்டும் நாற்காலியில் இருந்தார்.

"எல்லாரும் தலைவர் ஐயாவோட அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போயிட்டாங்கம்மா. வெளியாள் ஒரு ஈ காக்கா உள்ள வரல. நான் கேட்டை விட்டு நகரவே இல்ல."

வயல் பொன்னாய் விளைந்து சாய்ந்திருந்தது. அதன் வடகிழக்கு மூலை மட்டும் மொட்டையாக இருந்தது. ஆனந்தவல்லி வரப்பிலேயே நின்று நிதானமாகப் பார்த்தார். யூனுஸ் அவருக்கு முன்னால் குனிந்து தேடினான்.

"அக்கா, செருப்புத் தடம்! ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. ரெண்டு பேர் வந்திருக்காங்க. வரப்போட நின்னுடுச்சு. உள்ளே புழுதியில வெறுங்கால் தடம்தான்."

"வயல் காஞ்சு கெட்டியாத்தானே கிடக்கு? எதுக்குக் கழட்டினாங்க?"

ஆனந்தவல்லி அறுத்த தாளைத் தொட்டுப் பார்த்தார். தரையை ஒட்டி அறுத்திருந்தது. கதிரோடு நீளமான தாளும் போயிருந்தது. பக்கத்துச் சாதாரண நெல்லிலும் இரண்டு குத்து குறைந்திருந்தது. வரப்பு ஓரத்தில் வாடாத சாமந்தி இதழ் ஒன்றும் கொஞ்சம் குங்குமமும் கிடந்தன.

"சுடர்விழி, உங்க ரகத்தைப் பார்த்தா வித்தியாசம் தெரியுமா?"

"நல்லாவே தெரியும். கதிர் லேசா சிவந்திருக்கும்."

"அப்போ பிரபுதான் அக்கா," என்று யூனுஸ் கட்சி மாறினான். "கூட ஒரு சிநேகிதி. பூ அவ தலையிலேருந்து விழுந்தது."

ஆனந்தவல்லிக்குச் சிரிப்பு வந்தது. "உங்க தலைவருக்குப் போன் போடுங்கம்மா," என்றார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது; யாரும் எடுக்கவில்லை. பிரபுவும் எடுக்கவில்லை.

"யூனுஸ், வண்டியை எடு. திருக்கடையூர்."

கும்பகோணம், மயிலாடுதுறை என்று வண்டி பறந்தது. "சொல்லுங்கக்கா, சொல்லுங்க" என்று யூனுஸ் நச்சரித்தான். "ரோட்டைப் பாரு" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. பின்சீட்டில் சுடர்விழி துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே வந்தாள்.

மண்டபத்தில் நாதஸ்வரம் காதைப் பிளந்தது. மேடையில் பண்ணைத் தலைவர் தியாகேசனும் அவர் மனைவி ஜெயபாரதியும் மாலையும் கழுத்துமாக அமர்ந்திருந்தார்கள். முன்னால் நெல்லைப் பரப்பி அதன்மேல் கலசங்கள் வைத்திருந்தார்கள். நடுக் கலசத்தின் கழுத்தில் சிவந்த நெற்கதிர்க் கொத்து ஒன்று கட்டியிருந்தது.

சுடர்விழி பாய்ந்தாள். ஆனந்தவல்லி அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "தாலி கட்டி முடிக்கட்டும்மா. கதிர் எங்கேயும் ஓடாது."

தாலி ஏறியது, அட்சதை விழுந்தது. சாஸ்திரிகளின் உதவியாள் கலசத்தடி நெல்லைக் கட்டிக்கொண்டு போகத் துணி விரித்தார். அப்போதுதான் ஆனந்தவல்லி மேடையேறினார். தம்மை இன்னாரென்று சொல்லிக்கொண்டு, "ஒரு நிமிஷம் பொறுங்க சாமி" என்றார். சாம்பார் வாளியோடு நின்ற பிரபுவையும், முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த குணசேகரனையும் சுடர்விழி காட்ட, அவர்களையும் அருகே அழைத்தார்.

"இந்த ரகத்தைத் தேடி வந்தவன் சிவப்புக் கதிரை மட்டும் எடுத்திருப்பான். அறுத்தவங்க சாதாரண நெல்லையும் சேர்த்து எடுத்திருக்காங்க. அதனால ரகம் தெரிஞ்சு வந்தவங்க இல்ல. விதை திருடுறவனுக்குக் கதிர் போதும். நீளத் தாள் எதுக்கு? கொத்தாக் கட்டத்தான். காஞ்ச வயல்ல செருப்பைக் கழட்டி, பூவும் குங்குமமும் வச்சு, ஈசானிய மூலையில முதல் கதிர் எடுக்கிறவங்க சாமிக்கு எடுக்கிறாங்க. வெளியாள் வரலன்னு காவலர் சொன்னாரு. அப்போ அந்தப் பெரிய செருப்பும் சின்னச் செருப்பும் பண்ணைக்குள்ள உரிமையோட நடக்கிற புருஷன் பெண்டாட்டியோடது. இன்னிக்கு விசேஷம் யாருக்குன்னு யோசிச்சேன்."

தியாகேசன் மாலையை ஒதுக்கிவிட்டு எழுந்தேவிட்டார்.

"ஐயையோ, நாங்கதான்! விடியக்காலம் வர்ற வழியில அறுத்தோம். நான் மண்ணியல்காரன், எனக்கு மண்ணைத்தான் தெரியும். இந்த மாசத்தோட ரிட்டயர் ஆகுறேன். இத்தனை வருஷம் சோறு போட்ட பண்ணையிலேருந்து ஒரு பிடிக் கதிர் சாமிக்குக் கட்டணும்னு ஆசை. மூலையில சிவப்பா அழகா இருந்துச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேனேம்மா!"

அவரே கொத்தை அவிழ்த்துச் சுடர்விழியிடம் கொடுத்தார். ஒரு மணிகூட உதிரவில்லை. அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். ஜெயபாரதியும் சேர்ந்து அழுதார். யூனுஸுக்கும் கண் கலங்கியது; அவன் சாம்பார் காரம் என்றான், இன்னும் சாப்பிடாமலே.

சுடர்விழி கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரபுவைப் பார்த்தாள். "உன்மேல சந்தேகப்பட்டுட்டேன் பிரபு."

பிரபு வாளியைக் கீழே வைத்தான். "பரவால்ல மேடம். அடுத்த தடவையாவது எங்க நடப்போறீங்கன்னு சொல்லுங்க."

"சொல்றேன்," என்றாள் அவள். நேராகப் போய் மைக்கை வாங்கினாள். நாதஸ்வரம் நின்றது. பந்தியில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இது அலையாத்திச் சம்பா. ஒளிச்சு வச்சதாலேயே இன்னிக்கு இதைத் தொலைக்கப் பார்த்தேன். ஒரு பங்கு விதை வங்கிக்கு, ஒரு பங்கு கல்லூரிக்கு, ஒரு பங்கு நம்ம பண்ணைக்கு, ஒரு பங்கு மத்த பண்ணைங்களுக்கு. பெருகினதும் எங்க ஊர் வயலுக்குப் போகும். நம்ம பண்ணையில ஆபீஸ் வாசலுக்கு நேரெதிர் வயல்ல, பெரிய பலகை வச்சு நடுறோம். யார் வேணா வந்து பார்க்கலாம். குணசேகரன் சார், நீங்களும் வாங்க."

குணசேகரனுக்கு வெற்றிலை புரையேறியது. சுடர்விழி மேடையிலிருந்து இறங்கிவந்து, இருந்ததிலேயே பெரிய கதிரை உருவி, முதல் பங்காகப் பிரபுவின் கையில் வைத்தாள்.