திருப்பி மாட்டிய பக்கிள்

ஆளில்லாத சீட்டுக்கு யாரோ பெல்ட் போட்டுவிட்டிருந்தார்கள். பிரேக் பார்க்க வந்த வண்டியின் பின்கதவைத் திறந்ததும் மெக்கானிக் கண்ணில் பட்டது அதுதான். இடது ஓரத்து இருக்கையின் குறுக்கே இழுத்து, பக்கிளில் சொருகி, இம்மிகூடத் தளர்ச்சி இல்லாமல் விட்டிருந்தார்கள். பட்டை பஞ்சுக்குள் பதிந்து கிடந்தது. பக்கிள் முறுக்கித் திரும்பியிருந்தது. அழுத்துகிற சிவப்புப் பொத்தான் சீட்டின் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. அங்கே உட்காருகிறவர் எவ்வளவு துழாவினாலும் விரல் எட்டாது.

"யாருங்கம்மா இத மாட்டினது? கண்ண மூடிட்டு மாட்டியிருக்கான்."

வண்டிக்காரம்மா ஷெட்டு வாசலிலேயே நின்றாள். இறங்கியதிலிருந்து வண்டிப் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"நான்தான் மாட்டினேன்."

"பொத்தான் பின்னாடி போயிடுச்சே. அவசரத்துக்குக் கழட்ட முடியாதுங்க."

"பிரேக்க மட்டும் பாருங்க. பின்சீட்டுக்கு உங்களக் கூப்பிடல." சாவியை அவன் கையில் கொடுக்காமல் பெஞ்சில் எறிந்தாள். "சாயங்காலம் வர்றேன்."

அவள் தலை மறைந்ததும், அடுத்த வண்டியில் தகரம் தட்டிக்கொண்டிருந்த டிங்கர் சிரித்தான். "விடுய்யா. தெருவுல போறவன் மூக்கு கோணலா இருந்தாலும் ஸ்பானரத் தூக்கிட்டு ஓடுற ஆளு நீ."

"உன் மூஞ்சிய இன்னும் விட்டு வெச்சிருக்கேன்ல? அதுக்கு சந்தோஷப்படு."

மதியத்துக்குள் பிரேக் வேலை முடிந்தது. டிங்கர் சாப்பிடப் போனான். மழை தகரக் கூரையை அறையத் தொடங்கியது. பிளாஸ்டிக் கம்பெனியிலிருந்து மெக்கானிக்கின் மனைவி போன் செய்தாள்.

"மழைன்னு ஸ்கூல சீக்கிரமே விடுறாங்களாம். பாப்பா கேட்டுல நிக்கும். போய்க் கூட்டிட்டு வந்துடுங்க."

"பைக்கு பஞ்சரா நிக்குதுடி."

"அது உங்க பாடு. போன தடவ நனைஞ்சிட்டு நாலு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தாளே, மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. அந்தச் சின்ன மார்பு காற்றுக்கு இழுத்துக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது.

ஷெட்டுக்காரர்களிடம் 'ட்ரையல்' என்று ஒரு வார்த்தை உண்டு. வேலை முடிந்த வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்தச் சுற்றிலேயே மளிகை வாங்குவார்கள், மாமியாரை பஸ் ஏற்றிவிடுவார்கள். அதை யாரும் திருட்டு என்று நினைத்ததில்லை. ஆனால் அவசரத்துக்குக் கழற்ற முடியாத பெல்ட்டில் பெற்ற பிள்ளையை எப்படி உட்கார வைப்பது? வண்டிக்காரம்மா சொன்னது அவனுக்கு நினைவில் இருந்தது. பிள்ளைக்கு முன்னால் அது பெரிதாகப் படவில்லை.

பக்கிளுக்கும் சீட்டு முதுகுக்கும் நடுவே விரல்களை நுழைத்தான். மழைநாளில், காலையிலிருந்து யாரும் உட்காராத அந்த இடுக்கு, தூங்கி எழுந்தவரின் தலையணை மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. அழுத்தினான். பெல்ட் சடாரென்று சுருண்டு ஓடவில்லை. யாரோ பிடித்துப் பிடித்து விடுவதுபோல நிதானமாக நகர்ந்து மேலேறியது. கூடவே ஒரு வாடை எழுந்தது. ஈர முடியின் வாடையும், பல நாள் திறக்காத வாயின் வாடையும் கலந்து, கிரீஸையும் பெட்ரோலையும் தாண்டிக்கொண்டு வந்து தொண்டையில் உட்கார்ந்தது.

குஷனைத் தூக்கினான். பக்கிளின் போல்ட் புத்தம் புதிது. மரையில் பசை பூசி, ஸ்பானர் மேல் ஏறி நின்று முறுக்கியிருக்க வேண்டும். தெரியாத்தனமாக மாட்டியதல்ல. வேண்டுமென்றே மாட்டியது. நெற்றி நரம்பு புடைக்கக் கழற்றினான். பக்கிளைத் திருப்பி, பட்டையின் முறுக்கை எடுத்து, மறுபடி இறுக்கினான். சொருகினான், அழுத்தினான், விட்டது. பொத்தான் இப்போது சின்னக் கைக்கும் எட்டும்.

தன் பெல்ட்டையும் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

முதல் திருப்பத்தில் மணி அடித்தது. டிங். டிங். டிங். ஸ்டியரிங்குக்குப் பின்னால், உட்கார்ந்திருக்கும் ஆள்போல ஒரு சிவப்பு விளக்கு. பின்சீட்டு இடது ஓரத்துக்கான விளக்கு. அங்கே பாரம் இருந்து, பெல்ட் போடாமல் இருந்தால்தான் அது எரியும்.

கண்ணாடியில் பார்த்தான். யாரும் இல்லை. சீட்டு மட்டும் அமுங்கியிருந்தது. குஷனைச் சரியாகப் பொருத்தவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டான். ஓரமாக நிறுத்தி, பின்னால் எட்டி, காலி சீட்டுக்குப் பெல்ட்டை மாட்டினான். மணி நின்றது. மறுபடி வண்டியை எடுத்தான். வைப்பர் இழுத்த இழுப்பில் தெரு தெரிந்தது, கரைந்தது, தெரிந்தது.

டக்.

பொத்தான் அழுந்துகிற சத்தம். இருபது வருடமாகக் கேட்கிற சத்தம், தப்பாது.

டிங். டிங். டிங்.

"யாரு?"

குரல் அவனுடையது மாதிரி இல்லை.

இடது விளக்கு அணைந்தது. நடு விளக்கு எரிந்தது. பிறகு அதுவும் அணைந்து, வலது விளக்கு எரிந்தது. அவனுக்கு நேர் பின்னால். அவன் சீட்டின் முதுகில் இரண்டு முட்டிகள் வந்து முட்டின. பிடரியில் அந்த வாடை. வெதுவெதுப்பாக. விட்டுவிட்டு.

குதித்துவிடலாம் என்று தன் பெல்ட்டின் பொத்தானை அழுத்தினான். அழுந்தியது. பெல்ட் விடவில்லை. இன்னொரு முறை. விடவில்லை. மார்பின் குறுக்கே பட்டை ஒரு விரல்கடை இறுகியது. பின்னும் ஒரு விரல்கடை. மேல்பட்டை கழுத்துக்கு ஏறியது.

பள்ளிக்கூடத்து மதில் வந்துவிட்டது.

நிற்கக் கூடாது. அது ஒன்றுதான் மண்டையில் இருந்தது. பாப்பா நனையட்டும். காய்ச்சல் வரட்டும். இந்த வண்டி அவள் பக்கத்தில் நிற்கவே கூடாது. ஆக்ஸிலேட்டரை மிதித்தான்.

பாப்பா அவனைப் பார்த்துவிட்டாள். "அப்பா!" பையைத் தலைமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வண்டிக்குக் குறுக்கே ஓடி வந்தாள்.

கால் தானாக பிரேக்குக்குப் போனது. அவன் பார்த்த பிரேக். அவள்மேல் மோத முழங்கை நீளம் இருக்கும்போது வண்டி நின்றது.

வராதே என்று கத்தினான். காற்றுதான் வந்தது. அதுவும் பாதி. கையை ஆட்டினான். அவளும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள். லாக் பொத்தானைத் தேடினான். விரல் வழுக்கியது. அவள் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனாள். சிவப்பு விளக்கும் போனது. வலது. நடு. இடது.

பின்கதவு திறந்தது. மழைச் சத்தம். ஈரச் செருப்பு.

பாப்பா ஏறவில்லை. குனிந்து உள்ளே பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்றாள்.

குஷன் முனகியது. இடது விளக்கு அணைந்தது. நடு விளக்கு எரிந்தது. அவள் ஏறி உட்கார, இடது விளக்கும் சேர்ந்து எரிந்தது. கதவைச் சாத்திவிட்டு, பக்கத்தில் அண்ணாந்து பார்த்தாள்.

கண்ணாடியில் அவள் மட்டும் தெரிந்தாள். அவள் நெற்றியில் ஒட்டியிருந்த ஈர முடி, இழை இழையாக, தானே விலகிக் காதுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.