செத்துப்போன டிஸ்க்கின் சாட்சி

"செய்யாத தப்புக்கு மன்னிப்பு கேக்க நான் என்ன இளிச்சவாயா அக்கா?"

கோரிப்பாளையத்தில் தமிழ்வாணியின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குள் நுழைந்ததுமே ஹம்சவேணி பொரிந்து தள்ளினாள். சுங்குடிச் சேலைகளுக்கு அவள் கம்ப்யூட்டரில் வரைந்த டிசைன்கள்தான் அவள் வேலை பார்த்த கிரிதரன் கடையைத் தூக்கி நிறுத்தியவை. தனியாகத் தொழில் தொடங்கப்போவதாக அவள் சொன்ன மறுநாள் கடைக் கம்ப்யூட்டர் எழும்பவில்லை. ஆத்திரத்தில் அவள்தான் நாசமாக்கிவிட்டாள் என்று கிரிதரன் தெருவெல்லாம் சொல்லிவிட்டார்; மன்னிப்புக் கேட்கவும் சொன்னார். இந்தப் பழியோடு போனால் அவளிடம் யார் டிசைன் வாங்குவார்கள்?

"நான் செட் பண்ணிக் கொடுத்த மெஷின்தானே? வா, பாப்போம்," என்றாள் தமிழ்வாணி. அவளுடைய கூட்டாளி வெள்ளைத்துரை அதற்குள் ஆட்டோவை நிறுத்திவிட்டான்.

கடையில் கிரிதரன் கையை விரித்தார். "ஹார்டு டிஸ்க் செத்துப்போச்சும்மா. சிடி போட்டுப் பாக்கலாம்னா அந்த டிரைவும் இல்ல. போன வருசமே கழட்டியாச்சு."

தமிழ்வாணி மூடியைத் திறந்தாள். உள்ளே எங்கும் தூசி அப்பிக்கிடந்தது. சிடி டிரைவ் இருந்த இடம் மட்டும் பளிச்சென்றிருந்தது.

"கருகுன வாடை வருதுக்கா!" என்றான் வெள்ளைத்துரை.

"அது பக்கத்துக் கடை வடைச்சட்டி," என்றபடி அவள் சுவிட்சைப் போட்டாள். திரையில் 'விண்டோஸ்', 'ரெஸ்க்யூ' என்று இரண்டு வரிகள் வந்தன. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாள். எழுத்துகள் ஓடி, கம்ப்யூட்டர் எழும்பியது.

"சிடி இல்லாம எப்படி?" கிரிதரன் திணறினார்.

"விண்டோஸ் படுத்துட்டா கம்ப்யூட்டரை எழுப்ப சிடியில இருக்க வேண்டிய ரெஸ்க்யூ சிஸ்டத்தை ஒரே ஃபைலாக்கி, நான் செட் பண்ற ஹார்டு டிஸ்க்குல எல்லாம் ஒரு மூலையில வச்சிருவேண்ணே. அதுலருந்துதான் எழும்புது. செத்த டிஸ்க் எழும்புமா? விண்டோஸ் இருந்த பகுதியை மட்டும் யாரோ துடைச்சிருக்காங்க. ஓடுற விண்டோஸ் தன்னையே துடைக்க விடாது, சிடி போட்டுத்தான் துடைச்சிருக்கணும். அப்ப டிரைவ் அன்னைக்கு இருந்திருக்கு. போன வருசம் கழட்டுன இடத்துல தூசி எங்கண்ணே? ஆத்திரத்துல அழிக்கிறவ தன் டிசைனையில்ல அழிச்சிருப்பா? அம்புட்டும் பத்திரமா இருக்கு. டிசைனும் வேணும், வரைஞ்சவ தனியாப் போகவும் கூடாதுன்னு நினைச்சது யாரு?"

கிரிதரன் முகம் தொங்கிப்போயிற்று. பிறகு குரலில் தேன் தடவினார். "ஹம்சா, நம்மளுக்குள்ள எதுக்கும்மா சண்டை? சம்பளத்தைக் கூட்டித் தாரேன். நாளைக்கு வந்துரு."

"எந்த வாயால தெருவுல சொன்னீங்களோ, அதே வாயால இல்லைன்னு சொல்லுங்கண்ணே. அது போதும்," என்றாள் ஹம்சவேணி.

மதுரைப் பக்கம் பகையாளி வீட்டிலிருந்து கிளம்பினாலும் 'வாரேன்' என்பதுதான் வழக்கம். அவள் வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"போறேன்," என்றாள்.