சந்துக்கு ஓனர் யாரு?

"அய்யோ... அக்கா!"

காலை பத்து மணிக்கு செல்போன் ரிப்பேர் கடைக்குள் நுழைந்த தங்கை அலறினாள்.

மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் அக்கா கிடந்தாள். பின்மண்டையில் ரத்தம்!

தங்கைக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. அலறலைப் பாதியில் நிறுத்திவிட்டு அக்காவின் கழுத்தில் விரல் வைத்தாள்.

துடிப்பு இருந்தது!

பன்னிரண்டு மணிக்கு அக்கா, தங்கை வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ.வில் இருந்தாள். கதவுக்கு வெளியே தங்கை. எதிரில் நோட்டும் கையுமாக இன்ஸ்பெக்டர்.

"கடையில என்னம்மா காணோம்?"

"எதுவும் காணோம்னு இல்ல சார். அக்காவோட பழைய கம்ப்யூட்டர மட்டும் நொறுக்கியிருக்காங்க."

"ஷோகேஸ்ல இருபது புது போன் அப்படியே இருக்கு. ஓட்டைக் கம்ப்யூட்டர் மேல யாருக்கும்மா அவ்வளவு கோபம்?"

"முப்பது மாடிக்கு!"

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது. ஊரில் பாதிப் பேர் பேசிக்கொள்வது அந்தக் கம்பெனியின் ஆப்பில்தான். அதன் கட்டடத்தைப் பார்த்து ஜனங்கள் வைத்த பெயர், முப்பது மாடி.

"அக்கா 'சந்து'ன்னு ஒரு ஆப் எழுதியிருக்கா சார். இலவசம். வீட்டுல சும்மா கிடக்கிற கம்ப்யூட்டர்ல போட்டுட்டு, போன்லேருந்தே பேசிக்கலாம். மெசேஜ் நம்ம வீட்டுலேருந்து கிளம்பி நேரா அவங்க வீட்டுக்குப் போயிடும். நடுவுல எந்தக் கம்பெனியும் கிடையாது."

"ஓனர்?"

"கிடையாது."

"ஹெட் ஆபீஸ்?"

"அதுவும் கிடையாது. முப்பது மாடி சேர்மனும் போன வாரம் கடைக்கே வந்து இதத்தான் கேட்டாரு. 'என்ன விலை?'ன்னாரு. 'நடக்கிறவங்களுக்கெல்லாம் சொந்தமான சந்த நான் எப்படி சார் விக்கிறது?'ன்னா அக்கா. 'அப்ப இழுத்து மூடு'ன்னாரு. 'வீடு வீடாப் போய்க் கதவத் தட்டி நீங்களே மூடிக்கங்க'ன்னு அனுப்பிட்டா."

"வாய் கொஞ்சம் ஜாஸ்தி."

"எங்க குடும்பத்துல அவதான் கம்மி சார்."

"சரி... கம்ப்யூட்டர் போச்சே. இப்ப சந்து நின்னுடுச்சா?"

தங்கை தன் போனைக் காட்டினாள். செய்திகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன.

"எண்பதாயிரம் வீட்டுல ஓடுது சார். ஒரு வீடு அணைஞ்சா அந்த ஒரு வீடு மட்டும்தான் அணையும்."

முப்பதாவது மாடி. சேர்மன் அறையில் ஏ.சி. குளிர் எலும்பைத் தொட்டது. சேர்மனின் சிரிப்பு அதைவிடக் குளிர்ச்சி.

"ஆதாரம் இருக்கா இன்ஸ்பெக்டர்? நான் பேசுறது எல்லாம் எங்க ஆப்லதான். நீங்களே பாருங்க!"

போனை நீட்டினார். பிறந்த நாள் வாழ்த்து... வயிற்று வலி மாத்திரை... மைத்துனரோடு சண்டை. அவ்வளவுதான். வேறு எதையும் தோண்ட இன்ஸ்பெக்டரிடம் வாரண்ட் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு லிப்டில் இறங்கினார்.

மாலை நான்கு மணி.

பச்சை உடை, முகமூடி, கையில் ஊசியோடு ஒருவன் ஐ.சி.யூ.வுக்குள் நுழைந்தான். நேராக அக்காவின் கட்டிலை நோக்கிப் போனான்.

"யாருங்க நீங்க?" தங்கை குறுக்கே வந்தாள்.

"ஊசி போடணும். டாக்டர் சொன்னாரு."

"எந்த டாக்டரு?"

"அதான்... பெரிய டாக்டரு!"

"பேரு?"

அவன் யோசித்தான்.

யோசித்திருக்கக் கூடாது!

டங்!

ஸ்டீல் பெட்பேன் அவன் நெற்றியில் இறங்கியது. ஊசி ஒரு பக்கம் விழுந்தது, அவன் ஒரு பக்கம் விழுந்தான்.

போலீஸ் ரெக்கார்டில் அவன் பெயர் 'சுத்தியல்'. ஸ்டேஷனில் நெற்றி வீக்கத்தைத் தடவிக்கொண்டே கக்கினான்.

"கடைக்குப் போய் அடின்னதும் சேர்மன்தான். ஊசி போடுன்னதும் சேர்மன்தான்."

வரவழைக்கப்பட்ட சேர்மன் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"ஒரு ரவுடி சொன்னா ஆச்சா? எங்க ஆப்ல ஒரு வரி காட்டுங்க பார்ப்போம்!"

"அதுல எப்படி சார் இருக்கும்?" என்றான் சுத்தியல். "நீங்கதான் எல்லாத்தையும் சந்துல அனுப்பினீங்களே!"

இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்!

சேர்மனின் மேல் கால் கீழே இறங்கியது.

"பொய்! என் போன்ல எதுவும் இல்ல. எல்லாத்தையும் அழிச்..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். லேட்!

"நீங்க அழிச்சது உங்க போன்ல சார். எனக்கு வந்தது எங்க வீட்டுக் கம்ப்யூட்டர் பொட்டியில பத்திரமா இருக்கு. ஃபிரிட்ஜ் மேல. தூசி படும்னு பொண்டாட்டி துணி போட்டு மூடி வச்சிருக்கா."

"நான் அழிச்சா எல்லா இடத்துலயும் அழியணுமே..."

"அது உங்க ஆப்ல சார்!"

பெட்டி வந்தது. சைபர் பிரிவு ஆள் திறந்தார். பதினாறு செய்திகள். ஒவ்வொன்றிலும் அனுப்பியவரின் டிஜிட்டல் முத்திரை. அது பறிமுதல் செய்த சேர்மனின் போனோடு அச்சு அசலாகப் பொருந்தியது.

கடைசிச் செய்தி: 'அவ கண்ணு முழிக்கக் கூடாது.'

"ஒரே ஒரு சந்தேகம் சார்," என்றார் இன்ஸ்பெக்டர், விலங்கை மாட்டியபடி. "இத்தனை பெரிய ஆப் கையில இருக்கு. அதுலயே அனுப்பியிருக்கலாமே?"

சேர்மன் அவரை ஒரு முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அதுலயா? அதுல அனுப்பினா எங்க ஆபீஸ்ல எல்லாரும் படிப்பாங்களே!"

மறுநாள் காலை அக்கா கண் விழித்தாள். தலை முழுக்கக் கட்டு. தங்கை ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள்.

"சேர்மனே... நம்ம சந்துலதான் பேசினாரா?"

"பதினாறு மெசேஜ்க்கா!"

அக்கா வலியில் முகத்தைச் சுளித்தாள். பிறகு மெல்லச் சிரித்தாள்.

"உள்ள போறதுக்கு முன்னாடி, நம்ம ஆப்புக்கு அஞ்சு ஸ்டார் போட்டுட்டுப் போகச் சொல்லுடி!"