மரை கழண்ட திருகு

நாலு மேடு இருக்க வேண்டிய அளவுக் கருவியின் திரையில் ஐந்து இருந்தன.

மெர்வின் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தான். ஐந்துதான். அவன் வடிவமைத்த அலுமினியப் பெட்டி அது. ஒரே வழியாக நுழையும் நுண்ணலைகளை நாலு தடங்களாகப் பிரித்து அனுப்ப வேண்டும். தடத்துக்குத் திரைக் கோட்டில் ஒரு மேடு, மேட்டை ஏற்றி இறக்க ஒரு திருகு. நாளை ஒப்படைக்காவிட்டால் வேலை காலி. அதனால்தான் பொழிச்சலூர் வீட்டின் சாப்பாட்டு மேசையில், சாம்பார்க் கறைகளுக்கு நடுவே பெட்டியும் அளவுக் கருவியுமாக உட்கார்ந்திருந்தான். மழைக்கு முன்னால் கவியும் சாயங்கால இருட்டு, சமையலறையில் கடுகு வெடிக்கும் வாசனை, மொட்டைமாடியை உரசுவதுபோல் தாழ இறங்கும் விமானத்தின் உறுமல், ஈரச் சுவரில் அவனுடைய தொப்பையை மட்டும் விசுவாசமாகக் காட்டிய நிழல்.

"ஏம்ப்பா, பேசாம அந்த டப்பாவையே கட்டிக்கிட்டிருக்கலாம்ல?" உள்ளிருந்து மனைவி ஹெப்சி.

ஐந்தாவது மேடு துள்ளியது.

"டப்பா எதிர்த்துப் பேசாது," என்றான். மேடு அசையவில்லை.

"நான் பேசுறது மட்டும் காதுல விழுதாக்கும்? மரை கழண்ட கேசு!"

சொல்லுக்குச் சொல் துள்ளியது.

அவள் குரல்தான். இந்த வீட்டுக்கு உயிரே அந்த வாய்தான். மெர்வினுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. பெட்டியின் மூலையில், அவன் வரைபடத்தில் இல்லாத ஒரு திருகு. வேண்டாத மேட்டைக் கண்டால் அமுக்கிவிடுவது கையின் பழக்கதோஷம். மூளை தடுப்பதற்குள் கை திருப்புளியை வைத்துத் திருகிவிட்டது. மேடு அமிழ்ந்தது.

கடுகுச் சத்தம் இருந்தது. வெளியே தொடங்கிவிட்ட மழையின் சத்தம் இருந்தது. ஹெப்சி இல்லை.

"ஹெப்சி?"

சமையலறை வாசலில் வந்து நின்றாள். உதடு அசைந்தது. சத்தமில்லை.

பதறிப்போய்த் திருப்பினான். திருகு சுற்றியது. சும்மா சுற்றியது. மரை கழண்டிருந்தது.

"பேசும்மா. திட்டவாவது செய்."

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பெட்டிக்குள்ளிருந்து, நகம் கீறுவதுபோல் அவள் குரல்: "மெர்வின்... இங்க ஒரே இருட்டா இருக்கு."

"ஹெப்சி!"

"மெர்வின், அங்க வாசல்ல நிக்கிறது யாரு?"

அவன் நிமிரவில்லை. திரையில் ஆறாவதாக ஒரு மேடு. அவன் மூச்சோடு ஏறியது. மூச்சோடு இறங்கியது. பெட்டியின் மேல் புதிதாக இன்னொரு திருகு.

காலடி நெருங்கியது. அவளிடம் கடுகு வாசனை இல்லை. எந்த வாசனையும் இல்லை.

அவன் விரல்களிலிருந்து திருப்புளியை மெதுவாக உருவி, அந்தத் திருகின் பள்ளத்தில் பொருத்தி, அவனைப் பார்த்துச் சிரித்தாள்.